பரிசோதனை முடிவு வரும் வரை

கேள்வி: அம்மா இறப்பர் பால் வெட்டுபவர்; வெற்றிலையும் போடுவார். இரண்டு மாதமாகக் குரல் கரகரக்கிறது. இரத்தினபுரி வைத்தியசாலையில் தொண்டையில் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோய்தானா? எங்களுக்குத் தூக்கமே இல்லை.
– வாசகி, இரக்குவானை

பதில்: மகள், சதை எடுத்ததாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. குரல்நாணில் வரும் சாதாரணக் கட்டியும் இப்படித்தான் கரகரக்கும். ஆனால் மூன்று வாரம் தாண்டிய கரகரப்பைக் காட்டியே ஆகவேண்டும். நீங்கள் காட்டியது மிகச் சரி. விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதுக் குத்தல், கழுத்தில் வலியில்லாத கட்டி, எச்சிலில் இரத்தம் இருந்தாலும் காட்டியே ஆகவேண்டும். வலி இல்லையே என்று வேலைக்குப் போய்விடுவதுதான் தோட்டங்களில் நடக்கும் பெரிய கேடு. மூச்சு இழுத்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ முடிவுக்குக் காத்திராமல் உடனே கொண்டுபோங்கள்.

குரல்நாணில் தொடங்கும் புற்றுநோய் குரலை மாற்றி ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும். அந்தக் கட்டத்தில் கதிர்வீச்சு மட்டுமே பலரைக் குணமாக்குகிறது.

வெற்றிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்டது.

காத்திருக்கும் நாட்கள் கொடுமைதான். அம்மாவிடம் மறைத்துக் குசுகுசுக்காதீர்கள். அவருக்கு அது இன்னும் பயம். முடிவு எப்போது, எங்கே வாங்குவது என்று கேட்டு கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். புற்றுநோய் என்றே வந்தாலும், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.