கைவிட்டுப் போன நிலமும் ஐக்கிய சங்கத்தின் கடமையும்

அடையாற்றங்கரையிலுள்ள சைதாப்பேட்டை இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதி. 1891-ஆம் வருஷத்தில் அதுவே செங்கற்பட்டு ஜில்லாவின் தலைமை ஸ்தலம். கலெக்டரின் கச்சேரி அங்கேதான் நடைபெற்றது. இப்பொழுது தியாகராய நகர் என வழங்கும் இடத்தில் அக்காலத்தில் நீண்டதோர் ஏரி கிடந்தது. மாம்பலம் முதலிய ஊர்கள் நாட்டுப்புறங்களாகவே இருந்தன. அந்த ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டு வீட்டு மனைகளாயிற்று.

1891-இல் ஜில்லா கலெக்டராயிருந்த திரமென்கீர், ஆதிதிராவிடக் குடிகளின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து, நாற்று நட்டு, கதிர் அறுத்து வந்தவர்களுக்குச் சொந்தமாக உழ ஒரு காணியும் இல்லை. குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது. சிறு கடன் ஒன்றுக்காகப் படியாளாய்க் கட்டுப்பட்டோர் பலர். தரிசு நிலத்தைக் கேட்டுத் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதாருக்கே முதல் உரிமை என்று சொல்லித் தடுக்கப்பட்டது. இவையே அவ்வறிக்கையின் சாரம்.

இதன் பயனாக 1892-இல் சென்னை சர்க்கார், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்க உத்தரவிட்டது. இவ்வாறு கொடுக்கப்பட்டவற்றையே மக்கள் "பஞ்சமி நிலம்" என்பார்கள். ராஜதானி முழுவதிலும் ஒப்படைக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ரெவினியூ போர்டின் நிலையான உத்தரவுகளில் இவ்வகை நிலத்துக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. குறித்த காலம்வரை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் செய்யவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு மாற்றக்கூடாது. மீறினால் சர்க்கார் ஈட்டுத்தொகை கொடாமலே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை காவல் இருந்தும் நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அது எப்படிப் போயிற்று என்பதே சங்க அங்கத்தினர்கள் ஆராய வேண்டிய பாடம்.

நிலம் போன வழி

சர்க்கார் கொடுத்தது மண்ணை மாத்திரமே. ஏர்மாடும் விதையும் எருவும் கிணறும், அறுவடைவரை குடும்பம் உண்ணும் தானியமும் அதனோடு வரவில்லை. ஆகவே புதிதாக நிலம் பெற்றவன் விதை நெல்லுக்கும் ஊரிலுள்ள தனவந்தரையே நாடவேண்டியிருந்தது. நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால், 3 வருஷத்தில் வட்டி மட்டும் 108 ரூபாய். முதலைவிட வட்டி பெரிது. இடையில் ஒரு மழை பொய்த்தால் போதும். எழுத்தறியாதவன் எதில் பெருவிரல் வைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. கிரயம் எழுதக்கூடாதென்றால் போக்கியம், போக்கியம் கூடாதென்றால் குத்தகை, அதுவும் கூடாதென்றால் வெறும் வாய்ப்பேச்சு. பெயர் ஒருவனுடையதாக, அநுபோகம் மற்றொருவனுடையதாயிற்று.

வருஷங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் குறை விளங்கும். நில உத்தரவு 1892-இல் வந்தது. அடையாற்றில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியது 1894-இல். குடியானவர்களுக்கு நியாய வட்டியில் கடன் கிடைக்க வழி கூறிய பிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை 1895-க்கும் 1897-க்கும் இடையில் வெளிவந்தது. ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது 1904-இல். திருவள்ளூரை அடுத்த திரூர் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணிச் சங்கமும் அவ்வருஷத்தில் தோன்றியவையே. ஆக, நிலம் வந்து 2 வருஷம் கழித்து எழுத்தும், 12 வருஷம் கழித்து நாணயமும் வந்தன. அவையும் எல்லாச் சேரிகளையும் எட்டவில்லை. சங்கம் ஏற்பட்ட ஊரிலும், ஜாமீன் காட்ட வல்லவன் எளிதில் அங்கத்தினனானான். காட்ட இயலாதவன் வெளியே நின்றான்.

நிலமும் எழுத்தும் நாணயமும் முக்காலியின் மூன்று கால்கள் போன்றவை. ஒன்று குறைந்தாலும் முக்காலி நில்லாது.

மீட்கும் முயற்சிகள்

இழந்த நிலத்தைத் திரும்பக் கேட்பது எளிதாய் இருந்ததில்லை. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் திரண்டோர்மீது போலீஸார் சுட்டதில் இருவர் உயிர் துறந்தனர். நூறு வருஷத்துக்கு முன் இதே ஜில்லாவின் கலெக்டர் எழுதிய குறை, அதே ஜில்லாவில் இரத்தம் சிந்தும்வரை தீராதிருந்தது.

அண்டை ராஜ்யமாகிய கர்நாடகம் 1978-இல் தனிச் சட்டம் செய்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைத்த நிலத்தை நிபந்தனைக்கு மாறாக வாங்கியிருந்தால் அக்கிரயம் செல்லாது. நிலம் பழைய உடையவருக்கோ அவர் வாரிசுக்கோ திரும்பும். 1984-இல் சுப்ரீம் கோர்ட் இச்சட்டத்தைச் செல்லுமென்று தீர்த்தது. ஆனால் 2017-இல் அதே கோர்ட், நெடுங்காலம் தாமதித்து வந்த மனுவை ஏற்க மறுத்தது. அதன் பிறகு, கால வரம்பு இல்லையென்று கர்நாடகம் 2023-இல் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. உரிமை இருந்தும் தாமதித்தால் இடையூறு உண்டென்பதை இதனால் அறியலாம்.

தஞ்சைத் தரணியில் வேறொரு வழி காணப்பட்டது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான பின், கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதிகள் அங்கு சென்று உழைத்தனர். 1981-இல் அவர்கள் தொடங்கிய இயக்கம், நிலவுடையோரிடம் பேசி, பாங்குக் கடனைக்கொண்டு நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஏறக்குறைய 1 ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. நிலத்தோடு கடனுக்கும் ஏற்பாடு இருந்தது இதன் சிறப்பு. பெண் பெயரில் உள்ள நிலம் சாராயக்கடைக் கணக்கில் எளிதாகக் கரையாது என்பதும் கவனிக்கத்தக்கது.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, ஏடு. பட்டாவில் இன்றைய பெயர் மட்டும் தெரியும். கிராம "அ" பதிவேட்டையும் அடங்கலையும் பார்க்கவேண்டும். 1980-களில் நிலவுடைமைப் பதிவுகள் புதிதாக எழுதப்பட்டமையால், அதற்கு முந்திய பதிவேட்டையும் அவசியம் ஒத்துப்பார்க்க வேண்டும். நிபந்தனை ஒப்படை என்ற குறிப்பு பழைய ஏட்டில் இருந்து புதிய ஏட்டில் இல்லாதிருந்தால், அதுவே மனுவுக்கு ஆதாரம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம்.

இரண்டாவது, மனு. தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் என்ற வரிசையில் செல்லவேண்டும். அதற்கு மேல் சென்னைச் சேப்பாக்கம் எழிலகத்திலுள்ள நில நிர்வாக ஆணையர் அலுவலகம் உண்டு. மனுவைத் தனியொருவன் கொடுத்தால் அவனை அச்சுறுத்துதல் எளிது. பலர் கையொப்பமிட்டுத் தேதியுடன் ரசீது பெற்றால் அது நிலைக்கும். தாழ்த்தப்பட்டோர் நிலத்தை முறைகேடாகப் பற்றுவது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நாணயம். நிலம் திரும்பிய முதல் வருஷமே ஆபத்தான வருஷம். நெடுநாள் பிறர் கையிலிருந்த நிலத்தைத் திருத்தவேண்டும். கையில் காசு இராது. அவ்வேளையில் சங்கம் அக்குடும்பத்தை அங்கத்தினராக்கி, நிலத்தை ஈடாகக் கேளாமல், ஒருவருக்கொருவர் ஜாமீன் பேரில் பயிர்க்கடன் கொடுத்துத் தாங்கவேண்டும். விதையையும் உரத்தையும் உரிய பருவத்தில் கொடுத்து, அறுவடையில் தவணை வசூலிக்கவேண்டும். கடனைத் தவணை தவறாமல் கட்டுவதும் அக்குடும்பத்தின் பொறுப்பே.

திரும்பிய நிலத்தைச் சங்கம் இவ்வாறு தாங்காவிடில், 1892-இல் நடந்ததே மறுபடியும் நடக்கும். லேவாதேவிக்காரனின் வாசலுக்கு ஏழை போகாதபடி செய்வது நாணய சங்கத்தின் முதல் நோக்கம். அந்நோக்கம் சேரியின் எல்லையில் நின்றுவிடலாகாது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. இந்த ஊரில் நிபந்தனை ஒப்படை நிலம் எத்தனை ஏக்கர்? இன்று அதை உழுபவர் யார்?

2. அந்நிலத்துக்கு உரிய குடும்பங்களில் எத்தனை பேர் சங்க அங்கத்தினர்? மற்றவர் சேராததற்குக் காரணம் என்ன?

3. அவர்களுள் ஒருவருக்கு நாளையே நிலம் திரும்பினால், முதல் பயிருக்குச் சங்கம் எவ்வளவு கொடுக்கக்கூடும்?

மூன்றாவது கேள்விக்கு விடை தயாராயிருக்குமாயின், முதலிரண்டு கேள்விகளுக்கு விடை தேடும் உழைப்பு வீண்போகாது.