உரையாடல் விளையாட்டுகள்: மற்றவர் கருத்தைப் படித்து வாங்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரமே எழும் கேள்வி, "இதில் என்ன கேம் போடலாம்?" என்பதுதான். அம்பத்தூரில் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. ஆவடி, பூந்தமல்லியிலிருந்து வருபவர்களும் இதையே கேட்கின்றனர். கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை, கிரிக்கெட் ஆகியவை எல்லாருக்கும் தெரியும். நம் வீடுகளில் அதிகம் அறியப்படாத வகை ஒன்று உண்டு. அது உரையாடல் நிறைந்த அட்வென்ச்சர் விளையாட்டு. இந்த வகை விளையாட்டை வாங்கும் முன், ஏற்கெனவே விளையாடியவர்கள் எழுதிய கருத்துகளை எப்படிப் படிப்பது என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

உரையாடல் விளையாட்டு என்றால் என்ன?

1970களின் நடுவில் வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர் ஒரு குகை விளையாட்டை எழுதினார். அதில் படமே கிடையாது. திரையில் எழுத்துகள் வரும். நாமும் கீ போர்டில் ஓரிரு சொற்களைத் தட்டிப் பதில் தர வேண்டும். அட்வென்ச்சர் என்ற வகைக்கே அந்த விளையாட்டுதான் பெயர் கொடுத்தது. பின்னர் படமும் ஒலியும் சேர்ந்தன. இன்றைய உரையாடல் விளையாட்டில் கதை மாந்தர்கள் பேசுவதைப் படிக்கிறோம். இடையிடையே நாம் என்ன சொல்லலாம் என்று இரண்டு மூன்று வரிகள் காட்டப்படும். ஒன்றைக் கிளிக் செய்தால் கதை நகரும். வேகமான விரல்கள் தேவையில்லை. படிக்கப் பொறுமை இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டு: வெண்பா

இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விளையாட்டின் பெயர் வெண்பா. கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் இதை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டர், நின்டெண்டோ ஸ்விட்ச், ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு இது வந்தது. 2024 மார்ச்சில் தனி முயற்சி விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும், அடுத்த மாதம் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருதும் இதற்குக் கிடைத்தன.

கதை 1980களின் இறுதியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், பின்னர் பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரும்தான் முக்கிய மாந்தர்கள். வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அதில் பல வரிகள் அழிந்துவிட்டன. விடுபட்டதைக் கண்டுபிடித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதுதான் புதிர். மீதியெல்லாம் பேச்சு. மகன் வளர வளர, தாயின் மொழிக்கும் அவனுக்கும் இடையே தூரமும் வளர்கிறது. இதற்கு மேல் கதையைச் சொன்னால் விளையாடுபவருக்குச் சுவை போய்விடும்.

மூன்று பேர், மூன்று கருத்து

என்னிடம் கற்க வருபவர்களில் மூன்று பேர் இதை விளையாடினர். மூவரும் விளையாடியது ஒரே விளையாட்டு. ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்டால் மூன்று வெவ்வேறு விளையாட்டுகள் என்று தோன்றும்.

ஆவடியிலிருந்து வரும் கல்லூரி மாணவர் சொன்னது: "ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது சார். தோற்கவே முடியாது. நான் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை போகிற இடத்துக்குத்தான் போகிறது. இது எப்படி கேம் ஆகும்?"

அம்பத்தூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி சொன்னது: "இட்லிப் பானையில் தட்டை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்று யோசிக்க வைக்கிறான் பாருங்கள் தம்பி, அது நல்ல கணக்கு. ஆனால் திரையில் எழுத்து எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. இங்கிலீஷை வேறு நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது."

பூந்தமல்லியிலிருந்து வரும் அம்மா விளையாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகள் வெளிநாட்டில் இருக்கிறார். மறுநாள் வகுப்புக்கு வந்ததும், "தம்பி, வத்தக் குழம்பு செய்முறையைத் தமிழில் டைப் செய்வது எப்படி?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். நான்கு வரி டைப் செய்தவர் நிறுத்திவிட்டு, "என் பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே" என்றார். பிறகு மைக்கைப் பொருத்தி, அவர் குரலிலேயே பதிவு செய்து மகளுக்கு ஈமெயிலில் அனுப்பினோம். அதைவிடப் பெரிய பாராட்டை ஒரு விளையாட்டுக்கு யாரும் எழுத முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் நட்சத்திரங்களை எண்ணிப் பார்ப்பவருக்கு இந்தக் கருத்து கண்ணில் படாது.

மாணவர் சொன்னது பொய்யா? இல்லை. அவர் சொன்ன மூன்றும் உண்மையே. விளையாட்டு சிறியது, புதிர் எளிது, கதையின் பாதை பெரிதாக மாறாது. அவருக்குக் குறையாகப் பட்டதே மற்ற இருவருக்கும் வசதியாக அமைந்தது. ஆகவே "நன்றாக இல்லை" என்று ஒருவர் எழுதினால் ஏன் அப்படி எழுதினார் என்று பார்க்க வேண்டும்.

குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்

நான் மாணவர்களுக்குச் சொல்லும் எளிய வழி இது. எதிர்ப்புக் கருத்துகளை முதலில் படியுங்கள். ஒவ்வொன்றையும் கீழே உள்ள மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடுங்கள்.

1. ரசனை: "பேச்சு அதிகம்", "மெதுவாகப் போகிறது", "சண்டை இல்லை" போன்றவை. உரையாடல் விளையாட்டில் பேச்சு அதிகம் என்பது, இட்லிக் கடையில் பிரியாணி இல்லை என்பது போன்றது. இதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யார் விளையாடப் போகிறார் என்று யோசியுங்கள்.

2. இயந்திரம்: "பாதியில் நின்றுவிடுகிறது", "சேவ் செய்தது அழிந்துவிட்டது", "எழுத்து தெரியவில்லை" போன்றவை. ஒரே குறையைப் பலர், அண்மைத் தேதிகளில் எழுதியிருந்தால் காத்திருங்கள்.

3. பணம்: "இலவசம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் காசு கேட்கிறது" போன்றவை. இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது பெட்டிகள் நிறைந்தால் வாங்காதீர்கள். முதல் பெட்டி மட்டும் நிறைந்தால் முடிவு உங்களுடையது.

ஸ்டீம் தளத்தில் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் பெரிய கடை ஸ்டீம். வால்வ் நிறுவனம் இதை 2003ல் தொடங்கியது. விளையாட்டின் பக்கத்தைத் திறந்து கீழே சென்றால் கருத்துகள் இருக்கும். அங்கே பின்வருவனவற்றைப் பாருங்கள்.

* இங்கு நட்சத்திரம் கிடையாது. கட்டை விரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். 100 பேரில் 40 முதல் 69 பேர் வரை ஆதரித்தால் கலவையான கருத்து என்று ஸ்டீம் காட்டும். 80க்கு மேல் என்றால் மிக நல்ல வரவேற்பு.

* ஒவ்வொரு கருத்துடனும் அவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பது தரப்பட்டிருக்கும். பெரிய விளையாட்டை ஒன்றரை மணி நேரம் ஆடியவர் தொடக்கத்தை மட்டுமே பார்த்திருப்பார். வெண்பா போன்ற விளையாட்டை ஒன்றரை மணி நேரம் ஆடியவர் முழுவதும் முடித்திருப்பார். விளையாட்டின் நீளம் தெரியாமல் இந்த எண்ணைப் படித்தால் தவறான முடிவுக்கு வருவோம்.

* விளையாட்டை இலவசமாகப் பெற்றவர் என்றால் அந்தக் குறிப்பும் இருக்கும்.

* எதிர்ப்புக் கருத்துகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. மொழி வாரியாகவும் பிரிக்கலாம்.

* பக்கத்தின் ஓரத்தில் மொழிப் பட்டியல் இருக்கும். எழுத்து எந்த மொழிகளில், குரல் எந்த மொழிகளில் என்று தனித்தனியே காட்டும். பேச்சைப் படித்து விளையாட வேண்டியிருப்பதால் இதை முதலில் பாருங்கள்.

* சிஸ்டம் தேவைகளையும் ஒப்பிடுங்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 சிஸ்டங்களுக்கு ஸ்டீம் தந்துவந்த ஆதரவு நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் எந்த விண்டோஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மொபைலில் கூடுதல் கவனம்

உரையாடல் விளையாட்டுகள் மொபைலிலும் உண்டு. பிக்சல்பெர்ரி நிறுவனம் 2016ல் வெளியிட்ட சாய்சஸ் என்ற விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டவுண்லோட் செய்யக் காசு இல்லை. ஆனால் புதிய அத்தியாயம் திறக்கச் சாவி வேண்டும். அது நேரம் போகப் போகத்தான் மீண்டும் கிடைக்கும். சுவையான பதிலைத் தேர்ந்தெடுக்க வைரங்கள் வேண்டும். பொறுமை இல்லாதவர் இவற்றைப் பணம் கொடுத்து வாங்குவார். "அந்த ஒரு வரியைச் சொல்ல இத்தனை வைரமா?" என்பது இத்தகைய விளையாட்டுகளில் அடிக்கடி வரும் புகார். இது மூன்றாவது பெட்டி.

ப்ளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே, உள்ளே பொருள்கள் விற்கப்படும் என்ற சிறிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் முன், ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ் பகுதியில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் அல்லது கைரேகை கேட்கும்படி அமைத்துவிடுங்கள். நட்சத்திரங்களில் ஐந்தையும் ஒன்றையும் விட, இரண்டு, மூன்று, நான்கு தந்தவர்களைப் படியுங்கள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

ஸ்டீமில் 2015 ஜூன் முதல் ஒரு விதி உள்ளது. வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ப்ளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. புதியவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. விளையாட்டு உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவில்லை என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இந்த விதியில் ஒரு சிக்கலும் உண்டு. ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுவதும் முடித்துவிட்டுப் பணத்தையும் திரும்பப் பெற்றுவிட முடியும். ஆவடி மாணவர் இதைத்தான் கேட்டார். "முடியும்; ஆனால் சாப்பிட்டு முடித்துவிட்டு இலையைக் காட்டிக் காசைக் கேட்பது போன்றது" என்றேன். சில பேர் சேர்ந்து பல ஆண்டுகள் உழைக்கும் சின்ன நிறுவனங்களுக்கு இப்படிப் போகும் ஒவ்வொரு விற்பனையும் இழப்பு. நீளம் குறைவு என்பது வாங்கும் முன்பே கருத்துகளில் தெரிந்துவிடுகிறது. விலைக்கு அது போதாது என்று தோன்றினால் தள்ளுபடி வரும் வரை காத்திருக்கலாம்.

நீங்களும் எழுதுங்கள்

விளையாடி முடித்ததும் உங்கள் கருத்தைப் பதிவு செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி ஓடியது, எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த வயதினர் விளையாடினார்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஐந்து வரி போதும். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். தமிழிலேயே எழுதலாம். ஆவடி மாணவரிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அம்பத்தூர் பெரியவரும் இட்லித் தட்டுக் கணக்கை எழுதப் போகிறாராம். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு இந்த விளையாட்டு தனக்கு ஏற்றதா என்பது தெரிந்துவிடும்.