ஒரே நடை, இரண்டு எண்கள்: காலடிக் கணக்கில் ஒரு கணிதப் பாடம்

கையில் ஸ்மார்ட் வாட்ச், சட்டைப் பையில் கைப்பேசி. நடந்தவர் ஒருவர்தான், ஆனால் இரண்டும் காட்டும் காலடி எண்ணிக்கை ஒன்றாக இருப்பதில்லை. "எது சார் சரி?" என்று மாணவர்கள் கேட்கும் இந்தக் கேள்வியையே பாடமாக்கலாம். காரைக்காலில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் நான், என் வகுப்பில் செய்துவரும் செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். அளவீட்டுப் பிழை, சதவீதம், கணங்களின் சேர்ப்பு ஆகிய மூன்றும் இதில் வந்துவிடும்.

கருவி எதை எண்ணுகிறது?

கருவிக்குக் கால் தெரியாது. அதற்குள் இருக்கும் முடுக்கமானி அசைவை மட்டுமே உணர்கிறது. சீரான இடைவெளியில் வரும் அசைவுகளைக் காலடி என்று கணக்கிடுகிறது. வாட்ச் கைவீச்சைப் பார்க்கிறது; பையிலுள்ள கைப்பேசி உடலின் குலுக்கத்தைப் பார்க்கிறது. தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ நடந்தால் கை அசையாது; வாட்ச் குறைத்துக் காட்டும். உட்கார்ந்தபடி தாளம் போட்டாலும் சில காலடிகள் ஏறிவிடலாம். மேசையில் வைத்த கைப்பேசி எதையும் எண்ணாது.

எண்ணி நடந்த ஓர் ஆசிரியர்

காலடியை அளவாகக் கொண்டு நாட்டையே அளந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை மாணவர்களுக்குச் சொல்வேன். குமாவோன் மலைப்பகுதியைச் சேர்ந்த நயின் சிங் ராவத், மான்ட்கோமரி என்ற நில அளவை அதிகாரியின் திட்டத்தில் பயிற்சி பெற்று, 1866ஆம் ஆண்டு லாசாவை அடைந்தார். ஒரே நீளத்தில் அடி வைத்து நடக்கப் பழகியிருந்தார். அவருடைய ஜெபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி. மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி. 1877இல் லண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

இன்று எல்லாரும் சொல்லும் 10,000 காலடி இலக்கு வேறு வழியில் வந்தது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானிக்குப் 'பத்தாயிரம் காலடி அளவி' என்ற பொருளில் மான்போ-கெய் என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படித்தான் பரவியது.

செய்முறை

ஒரு வாட்ச், ஒரு கைப்பேசி, கொஞ்சம் புளியங்கொட்டை போதும். ஒரு மாணவர் இரண்டு கருவிகளோடும் நடக்க, இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். நூறு காலடிக்கு ஒரு கொட்டை. இயல்பான நடை, மெதுவான நடை, இரு கையிலும் புத்தகம் தாங்கிய நடை என்று மூன்று முறை 500 காலடி நடக்கச் செய்யலாம். கடற்கரைக்குச் செல்ல வாய்ப்பிருந்தால் மணலிலும் நடந்து பார்க்கலாம். கையால் எண்ணியது 500, கருவி காட்டியது 480 என்றால், வேறுபாடு 20. பிழை 4 சதவீதம். ஒவ்வொரு நடைக்கும் இப்படிப் பிழையைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்த வேண்டும்.

கூட்டலாமா? சராசரி எடுக்கலாமா?

அடுத்து இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவேன். காலையில் கைப்பேசி சார்ஜில் இருந்தது. வாட்ச் மட்டும் 2,000 எண்ணியது. பகலில் இரண்டும் உடன் இருந்தன. வாட்ச் 4,000, கைப்பேசி 3,900. மாலையில் வாட்ச் சார்ஜில். கைப்பேசி மட்டும் 1,000.

வாட்ச்சின் மொத்தம் 6,000. கைப்பேசியின் மொத்தம் 4,900. கூட்டினால் 10,900, இலக்கைத் தாண்டியது போலத் தோன்றும். சராசரி 5,450. இரண்டுமே தவறு. பகல் நடை இரண்டு கருவிக்கும் பொதுவானது. அதை ஒருமுறைதான் சேர்க்க வேண்டும். வாட்ச்சின் எண்ணை ஏற்றால் 2,000 + 4,000 + 1,000 = 7,000. கணங்களின் சேர்ப்பில் வெட்டுப் பகுதியை ஒருமுறை மட்டும் எண்ணுவது ஏன் என்பது இங்கே தானாகப் புரிந்துவிடும்.

அளவும் நியாயமும்

காலடி எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளில் போட்டி நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெதுவாகவோ காலை இழுத்தோ நடப்பவரின் காலடிகளில் பலவற்றைக் கருவி தவறவிடும். கால் ஊனமுற்ற ஒரு குழந்தை முழு மைதானத்தையும் சுற்றி வந்தபின், "நீ இவ்வளவுதான் நடந்தாய்" என்று ஒரு கருவி சொல்ல, அதை நாமும் ஏற்று மதிப்பெண் போடலாமா? போட்டி வைத்தே ஆக வேண்டுமானால் நடந்த நேரத்தையோ சுற்றுகளையோ கணக்கில் எடுப்போம். அல்லது ஒரே கருவியில் ஒருவரின் நேற்றைய எண்ணை அவருடைய இன்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவோம்.

மதிப்பீட்டுக்கு மூன்று கேள்விகள்: எந்தக் கருவி, உடலில் எங்கே இருந்தது? கையால் எண்ணிச் சரிபார்த்தாயா? ஒரே நடை இருமுறை சேர்ந்துள்ளதா? எந்த எண்ணைப் பார்த்தாலும் இவற்றைக் கேட்கும் பழக்கம் மாணவரிடம் வந்துவிட்டால் பாடம் நிறைவேறியது என்று கொள்ளலாம்.