வரவும் வாழிடமும்

நுழையும்முன்

பணியின் பொருட்டு ஊர் பெயர்தல் இளைஞர் பலரின் வாழ்வில் நிகழ்வது. கூடுதல் ஊதியம் தரும் இடம் கூடுதல் செலவையும் உடன் கொண்டுவரும். இரண்டையும் சீர்தூக்கி முடிவெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

புறநகர் விலையேறிய விதம்

சென்னைத் தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி முதலிய ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அலுவலகத்திற்கு அருகில் வாழ விரும்புவோர் பெருகப் பெருக, வாடகையும் உயர்ந்தது. குடியிருப்புகள் பலவற்றில் லாரித் தண்ணீரும் விலைக்கே வாங்கப்படுகிறது. அச்செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்கிறது.

கைக்கு வரும் ஊதியம்

பணி ஆணையில் காணப்படும் ஆண்டுத் தொகை முழுவதும் கைக்கு வருவதில்லை. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு, காப்பீடு, பணிக்கொடை ஆகியனவும் அதில் அடங்கியிருக்கலாம். பணியாளரின் பங்காகவும் வைப்புநிதிக்குப் பிடித்தம் உண்டு. ஆகவே, மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேரும் தொகையையே கணக்கின் முதல் வரியாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஓர் ஒப்பீடு

திருச்சிராப்பள்ளியில் பெற்றோருடன் வாழும் இளைஞர் ஒருவர் மாதம் 24,000 ரூபாய் பெறுவதாகக் கொள்வோம். வீட்டுச் செலவுக்கு 6,000 ரூபாயும் போக்குவரத்துக்கு 1,500 ரூபாயும் போக, 16,500 ரூபாய் எஞ்சும். சோழிங்கநல்லூரில் அவருக்கு 34,000 ரூபாய் கிடைக்கிறது. நண்பருடன் பகிரும் வீட்டில் அவர் பங்கு வாடகை 9,000, உணவு 6,500, மின்சாரமும் பராமரிப்பும் 2,000, போக்குவரத்து 1,500 என 19,000 ரூபாய் செலவாகும். எஞ்சுவது 15,000 ரூபாய். ஊதியம் 10,000 ரூபாய் உயர்ந்தும் மிச்சம் 1,500 ரூபாய் குறைகிறது. இதுவரை வீட்டுக்குத் தந்த 6,000 ரூபாயை இனியும் அனுப்புவதாயின், அவரிடம் எஞ்சுவது 9,000 ரூபாயே.

இது மாதச் செலவு மட்டுமே. குடிபுகும் நாளில் முன்பணம் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது. அவ்வகையில் அவர் பங்காக 27,000 ரூபாய் தேவைப்படும். அதனைக் கடனாகப் பெற்றால் வட்டியும் செலவில் சேரும்.

நேரமும் செலவே

வாடகை குறைந்த தாம்பரம் பகுதியில் தங்கினால் மாதம் 3,000 ரூபாய் மிச்சமாகும் எனவும், பயணச் செலவு 1,000 ரூபாய் கூடும் எனவும் கொள்வோம். உண்மையான மிச்சம் 2,000 ரூபாய். நாள்தோறும் இரண்டு மணிநேரம் கூடுதலாகப் பயணத்தில் கழிந்தால், 22 வேலைநாள்களில் 44 மணிநேரம் செலவாகும். ஒரு மணிநேரத்தை ஏறத்தாழ 45 ரூபாய்க்கு விற்பதற்கு இது நிகராகும். உறக்கத்திற்கும் கல்விக்கும் உரிய நேரம் அவ்விலைக்குத் தகுமா என்பதை அவரே முடிவு செய்தல் வேண்டும். இரவுப்பணி உடையோர் பாதுகாப்பான ஊர்தி வசதியையும் எண்ணிப்பார்த்தல் நன்று.

எண்ணில் அடங்காதவை

மிச்சம் குறைவதனாலேயே ஒரு வாய்ப்பைத் தள்ளிவிடுதல் முறையன்று. புதிய பணியில் பெறும் பயிற்சி பின்னாளில் ஊதியத்தை உயர்த்தலாம். முதிய பெற்றோரின் உடல்நிலை ஒருவரை ஊரிலேயே இருத்தலாம். கணக்கு இவற்றிற்கு விடை கூறாது. ஆயினும், எதற்காக எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் தெளிவாக்கும்.

வருவாய் சிறிதாயிருப்பதனால் கேடில்லை, செலவு அதனை விஞ்சாமல் இருந்தால் போதும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்துள்ளார். தன் வரவின் அளவை அறிதலும் தன் வலிமையை அறிதலே. அதனை அறிந்தபின் இடம்பெயர்பவர் கடனுக்கு அஞ்சாமல் புதிய ஊரில் காலூன்றுவார்.

கற்பவை கற்றபின்

1. பணிக்காக வெளியூரில் வாழும் உறவினர் ஒருவரின் மாதச் செலவினங்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. ‘அருகில் உயர் வாடகை, தொலைவில் குறைந்த வாடகை’ – இவற்றுள் ஏற்றது எது? வகுப்பில் கலந்துரையாடுக.