கூரை நீருக்கும் கணக்குண்டு

எங்கள் புத்தளம் மாவட்டத்தின் பெரும்பகுதி உலர் வலயத்தில் அமைந்துள்ளது. வரட்சி தொடங்கினால் பல ஊர்களில் கிணற்று நீர் உவர்த்துவிடும். தண்ணீர் பவுசர் வரும்வரை வாளிகளோடு காத்திருப்பவர்கள் பெரும்பாலும் உம்மாமாரும் எம் போன்ற பிள்ளைகளுமே. ஆயினும் இங்கும் ஆண்டுக்குச் சராசரியாக 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் நம் கூரைக்கு வரும் பங்கு எவ்வளவு?

ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட வீட்டுக் கூரையின் பரப்பு 50 சதுர மீற்றர். சிந்துவதற்கும் ஆவியாவதற்கும் ஐந்திலொரு பங்கைக் கழித்தாலும், 1,000 மில்லிமீற்றர் மழையில் 40,000 லீற்றர் நீரைப் பெறலாம்.

அவ்வளவையும் சேமிக்கப் பெரிய தாங்கி தேவையா? இல்லை. தாங்கியின் அளவை மழையற்ற நாட்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 லீற்றர் எனக் கொண்டால், ஐவர் உள்ள வீட்டுக்கு 35 லீற்றர் வேண்டும். 150 நாட்களுக்கு 5,250 லீற்றர் போதும். அதே தாங்கியிலிருந்து குளிக்கவும் துணி துவைக்கவும் சேர்த்து நாளுக்கு 175 லீற்றர் எடுத்தால், 30 நாட்களில் தாங்கி வற்றிவிடும். ஆகவே இந்நீரைக் குடிப்பதற்கும் சமையலுக்கும் மட்டும் ஒதுக்குவதே திட்டத்தின் உயிர்நாடி.

அடுத்தது தூய்மை. முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். எனவே முதல் 1 மில்லிமீற்றர் மழைநீரை, அதாவது 50 லீற்றரை, தனிப் பீப்பாய் ஒன்றில் விழச் செய்ய வேண்டும். அது நிரம்பிய பின்னரே பீலி நீர் மணலும் சரளைக் கல்லும் இட்ட வடிகட்டியினூடாகத் தாங்கிக்குச் செல்லும். மழை ஓய்ந்ததும் பீப்பாயைத் திறந்துவிட்டால் அடுத்த மழைக்குத் தயாராகும். தாங்கிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி வளரும். நுளம்பு புகுந்தால் டெங்கு பரவும். ஆகவே இறுக்கமான மூடியும், நீர் வழிந்தோடும் குழாய்க்கு நுண்ணிய வலையும் அவசியம். அடியில் மண்டி படிவதால், நீர் எடுக்கும் குழாயைச் சற்று உயரத்தில் பொருத்த வேண்டும். குடிக்குமுன் நீரைக் கொதிக்கவைப்பதே பாதுகாப்பு.

பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் இன்னும் பெரிய கூரைகள் உள்ளன. 500 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால், அதே கணக்கின்படி 8,000 லீற்றர் நீர் கிடைக்கும். அதை வுழூச் செய்யவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினால் கிணற்றின் சுமை குறையும்.

பெற்றோர்களே, வடகீழ்ப் பருவமழைக்கு முன் கூரையை அளந்து பாருங்கள். பீலியைச் சுத்தம் செய்யுங்கள். தோழிகளே, பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும், உங்கள் வீட்டுத் தாங்கியின் அளவை நீங்களே சொல்லிவிடலாம்.