மீன்தொட்டிக்குப் புது லைற் வாங்கும்போது

செடி வளர்க்கும் தொட்டியில் பழைய ரியூப் லைற் மங்கிவிட்டால் எல்.ஈ.டி.க்கு மாறலாம். வோற்ஸ் கணக்கை விடுங்கள்; பெட்டியில் லூமனையும் (வெளிச்சத்தின் அளவு) கெல்வினையும் (வெளிச்சத்தின் நிறம்) பாருங்கள். 6500 கெல்வின் செடிக்கும் ஏற்றது, கண்ணுக்கும் இதம். நீலம் தூக்கலானவை பவளத் தொட்டிக்கானவை. அழகுக்கு மயங்க வேண்டாம்.

இலங்கை ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்ட்டி, பெக்கெட்டி ஆகிய இரண்டு செடிகளும் நிழலுக்குப் பழகியவை. லீற்றருக்கு 15 முதல் 20 லூமன் தாராளம். 60 லீற்றர் தொட்டிக்கு 900 முதல் 1200 வரை. கூடினால் பாசிதான் கொழுக்கும். வெளிச்சம் திடீரென மாறினால் இவற்றின் இலைகள் கரைந்துபோகக்கூடும். செத்ததென்று வேரோடு பிடுங்காதீர்கள், மறுபடி துளிர்க்கும். முதல் இரண்டு வாரம் தினம் 6 மணித்தியாலம், பிறகு 8. ஒரு ரைமர் பூட்டிவிட்டால் தொல்லையில்லை.

வெள்ளவத்தையில் கடலோர மாடிவீடா? உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும், நீர் புகாத ஐ.பி.67 தரமுள்ளதாக எடுங்கள். கொட்டாஞ்சேனையோ வெள்ளவத்தையோ, ஜன்னல் வெயில் தொட்டியில் நேரே விழக்கூடாது. வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.