இயங்குதளம் என்னும் மேலாளர்

ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகி இரகசிய எண்ணை அழுத்துகிறோம். சில நொடிகளில் பணம் கைக்கு வருகிறது. கைப்பேசியில் யு.பி.ஐ. செயலியைத் திறந்து மளிகைக் கடைக்காரருக்குப் பணம் அனுப்புகிறோம். வீட்டுக் கணினியில் இணைய வங்கிச் சேவைக்குள் நுழைந்து வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குகிறோம். இம்மூன்றிலும் நம் கண்ணுக்குத் தெரிவது வங்கியின் திரை மட்டுமே. அத்திரைக்குப் பின்னால் ஓயாமல் உழைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதனையே இயங்குதளம் என்கிறோம்.

கடவுச்சொல்லைக் காப்பதில் நாம் மிகுந்த அக்கறை காட்டுகிறோம். ஆனால், அக்கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் கருவியின் இயங்குதளம் எந்நிலையில் உள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தளம் பழுதுபட்டிருந்தால், எத்துணை வலிமையான கடவுச்சொல்லும் நம் பணத்தைக் காக்காது. ஆகவே, இயங்குதளம் ஆற்றும் பணிகள் எவை, அதனை நாம் எவ்வாறு பேண வேண்டும் என்பவற்றை இங்கே காண்போம்.

இயங்குதளம் என்றால் என்ன?

மையச் செயலகம், நினைவகம், சேமிப்பகம், விசைப்பலகை, திரை ஆகியவை கணினியின் வன்பொருள்கள். நாம் பயன்படுத்தும் செயலிகள் மென்பொருள்கள். ஒவ்வொரு செயலியும் தன் விருப்பம்போல் வன்பொருளைக் கையாள முற்பட்டால் குழப்பமே மிஞ்சும். எனவே, இரண்டிற்கும் இடையில் நின்று ஒழுங்குபடுத்தும் மேலாளர் ஒருவர் தேவை. அம்மேலாளரே இயங்குதளம்.

வங்கிக் கிளையை எண்ணிப் பார்ப்போம். பணம் எடுக்க வரும் வாடிக்கையாளர் நேராகப் பெட்டக அறைக்குள் செல்வதில்லை. முகப்பில் சீட்டை நீட்டுகிறார். அலுவலர் கையொப்பத்தையும் இருப்பையும் சரிபார்க்கிறார். பின்னரே பணம் வழங்கப்படுகிறது. செயலிகளும் அவ்வாறே நடந்துகொள்கின்றன. ஒரு கோப்பைத் திறக்கவோ, கேமராவை இயக்கவோ, இணையத்தில் தகவல் அனுப்பவோ செயலி முதலில் இயங்குதளத்திடம் விண்ணப்பிக்கிறது. உரிமை உண்டா என ஆராய்ந்து, உண்டெனில் அப்பணியை இயங்குதளமே செய்து கொடுக்கிறது. இவ்வதிகாரம் முழுவதையும் தன்னிடம் வைத்திருக்கும் உட்கருவைக் கெர்னல் என்பர்.

விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். ஆகியவை நாம் அறிந்த இயங்குதளங்கள். இவற்றுள் பலவற்றிற்கு வழிகாட்டியாக அமைந்தது, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இன்று நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் யாவும் அந்தக் கெர்னலின் மீதே இயங்குகின்றன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது.

நான்கு முதன்மைப் பணிகள்

முதலாவது, நேரப் பங்கீடு. பாட்டு ஒலிக்கும்போதே குறுஞ்செய்தி வருகிறது. அதே வேளையில் கோப்பு ஒன்று பதிவிறங்குகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில், செயலகத்தின் ஓர் உள்ளகம் ஒரு சமயத்தில் ஒரு பணியைத்தான் கவனிக்கும். இயங்குதளம் ஒவ்வொரு பணிக்கும் சில மில்லி நொடிகள் ஒதுக்கி, வரிசை எண் கொடுத்து அழைப்பதுபோல் மாற்றி மாற்றி அழைக்கிறது. அவ்வேகத்தில் இடைவெளி நமக்குப் புலப்படுவதில்லை.

இரண்டாவது, நினைவகப் பங்கீடு. வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் ஒருவர் பெட்டியை மற்றவர் திறக்க இயலாது. அதுபோலவே ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. ஒன்றின் இடத்தை மற்றொன்று எட்டிப் பார்க்க முனைந்தால், இயங்குதளம் அதனைத் தடுத்து நிறுத்திவிடும். வங்கிச் செயலியில் நாம் இடும் இரகசிய எண்ணை அருகிலுள்ள விளையாட்டுச் செயலி படிக்க இயலாமைக்கு இச்சுவரே காரணம்.

மூன்றாவது, கோப்பு மேலாண்மை. கணக்கியலில் ஒரு நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பின்னரே பேரேட்டில் ஏற்றுவது மரபு. இன்றைய பல கோப்பு முறைமைகளும் இதே மரபைப் பின்பற்றுகின்றன. சேமிப்பகத்தில் மாற்றம் செய்வதற்கு முன், செய்யப்போகும் மாற்றத்தைத் தனிக் குறிப்பேட்டில் பதிந்துகொள்கின்றன. இடையில் மின்சாரம் தடைபட்டால், மீண்டும் இயங்கும்போது அக்குறிப்பைப் பார்த்துக் கோப்பு முறைமையை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவருகின்றன.

நான்காவது, அனுமதி வழங்கல். எந்தச் செயலி எதனைத் தொடலாம் என்பதை முடிவு செய்யும் பணி இது. ஆண்ட்ராய்டு தளம் ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராகக் கருதித் தனி அடையாள எண் வழங்குகிறது. தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, கேமரா போன்றவற்றைச் செயலி நாடும்போது நம்மிடம் ஒப்புதல் கேட்கிறது. முதல் மூன்று பணிகளில் நமக்கு வேலையில்லை. நான்காவதில் மட்டும் இறுதி முடிவு நம் விரல் நுனியில் உள்ளது. மோசடியாளர்கள் குறிவைப்பதும் இவ்விடத்தையே.

சுவர் உறுதியானது, கதவு நம் கையில்

திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராத அறிவிப்பு என்றும், வங்கி விவரங்களைப் புதுப்பிக்கும் படிவம் என்றும் கைப்பேசிக்குச் செய்திகள் வருகின்றன. உடன் இணைக்கப்பட்டிருப்பது படமோ ஆவணமோ அன்று, ‘ஏ.பி.கே.’ என முடியும் செயலிக் கோப்பு. அதனைத் தொட்டவுடன், அறியப்படாத இடத்திலிருந்து வந்த செயலியை நிறுவலாமா என இயங்குதளம் எச்சரிக்கிறது. நாம் சம்மதிக்கிறோம். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது, அதற்கும் சம்மதிக்கிறோம். அதன்பின் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அச்செயலியும் படித்துவிடும்.

இதனினும் ஆபத்தானது ‘அணுகல்தன்மை’ அனுமதி. பார்வைக் குறைபாடு உடையோர்க்குத் திரையைப் படித்துக் காட்டவும், அவர்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் உருவாக்கப்பட்ட அரிய வசதி இது. இவ்வசதி தீய செயலியின் கைக்குப் போனால், திரையில் தோன்றுவதை அது படிக்கும். நமக்குப் பதிலாக அதுவே பொத்தானை அழுத்தும். இங்கே இயங்குதளத்தின் சுவர் இடியவில்லை. கதவை நாமே திறந்துவிட்டோம்.

புதுப்பித்தல் ஏன் இன்றியமையாதது?

கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்படும் மென்பொருளில் குறைகள் இருக்கவே செய்யும். அவை கண்டறியப்படும்போது, உருவாக்கிய நிறுவனம் திருத்தத்தை வெளியிடுகிறது. அதுவே புதுப்பிப்பு. திருத்தம் வெளியான நாள்முதல், குறை எங்கே இருந்தது என்பது தீயோருக்கும் தெரிந்துவிடுகிறது. புதுப்பிக்காத கருவியே அவர்களுக்கு எளிய இலக்கு.

2017 மே மாதம் பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தாக்குதல் இதற்குச் சான்று. அது பயன்படுத்திய குறைக்கான திருத்தத்தை, அப்போது ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஆயினும் திருத்தத்தை ஏற்காத கணினிகள் சுமார் 150 நாடுகளில் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன.

ஏ.டி.எம். இயந்திரமும் ஒரு கணினியே. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிவுற்ற பின்னரும், பல இயந்திரங்கள் அதிலேயே இயங்கிவந்தன. எனவே, ஆதரவுள்ள இயங்குதளத்திற்கு அனைத்து ஏ.டி.எம்.களையும் படிப்படியாக மாற்றி, 2019 ஜூன் மாதத்திற்குள் முடிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாதத்தில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வங்கி இயந்திரத்திற்குத் தேவையான இக்கட்டுப்பாடு, நம் வீட்டுக் கணினிக்கும் தேவையானதே. 2015-இல் வெளியான விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதன்பின், தனித் திட்டத்தில் பதிவு செய்தோருக்கே பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. அக்கணினி முன்போலவே இயங்கும். ஆனால், புதிதாகக் காணப்படும் குறைகள் அடைபடாமல் நிற்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கருவியின் ‘அமைப்புகள்’ பகுதியில் இயங்குதளத்தின் பதிப்பையும், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக எந்நாளில் வந்தது என்பதையும் பார்ப்போம். திருத்தம் நெடுநாள் வரவில்லையெனில், அக்கருவியில் வங்கிச் சேவையைத் தவிர்ப்போம்.

2. புதுப்பிப்பு அறிவிப்பை ‘பிறகு’ எனத் தள்ளாமல், அன்றிரவே கருவியை மின்னேற்றியில் இணைத்து முடித்துவிடுவோம்.

3. தளத்தின் அதிகாரப்பூர்வச் செயலி அங்காடியிலிருந்து மட்டுமே செயலிகளை நிறுவுவோம்.

4. மாதம் ஒருமுறை அனுமதிப் பட்டியலைச் சரிபார்ப்போம். கைவிளக்குச் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு எனக் கேட்டு, தேவையற்றதை நீக்குவோம்.

5. கணினியில் அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமையற்ற சாதாரணப் பயனர் கணக்கைப் பயன்படுத்துவோம்.

6. பழைய கைப்பேசியை விற்குமுன் வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்போம். கோப்பை நீக்குவதால் மட்டும் அதன் உள்ளடக்கம் உடனே அழிந்துவிடாது.

ஐயத்திற்குரிய செயலியை நிறுவிவிட்டதாக அறிந்தால், உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். தாமதமின்றித் தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

வங்கியின் பெட்டகத்தை வங்கி காக்கிறது. அப்பெட்டகத்தை நோக்கி நம் வீட்டிலிருந்து திறக்கும் சாளரத்தைக் காப்பது நம் பொறுப்பு. இன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி, நம் கைப்பேசியின் அனுமதிப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்ப்போம்.